சேமக்காலையில் அஸ்தி மாடம்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலையில் தகனம் செய்வோர் தொகை கூட, சாம்பலை வைக்க சேமக்காலையில் (கிறிஸ்தவ மயானத்தில்) ஓரிடம் வேண்டும் என்ற கேள்வியும் கூடுகிறது. ஆங்கிலத்தில் கொலம்பேரியம் என்பார்கள். லத்தீனில் கொலும்பா என்றால் புறா, கொலம்பேரியம் என்றால் புறாக்கூடு. நமக்கும் மாடப்புறா உண்டு, விளக்கு மாடமும் உண்டு. ஆகவே இந்தப் பக்கத்தில் சாம்பல் வைக்கும் ஒவ்வோர் அறையையும் மாடம் என்றே சொல்கிறோம்.

எங்கள் சேமக்காலையில் புதைக்க இடம் முடிந்து வருகிறது. ஒரு மாடச் சுவர் கட்ட எவ்வளவு நிலம் வேண்டும்? இருநூறு மாடமாகவே கட்டிவிடலாமா?
– பங்குச் சபை உறுப்பினர், பாலையூற்று

இருநூறு வேண்டாம். ஆலயப் பங்கின் மரணப் பதிவேட்டை எடுத்து, கடந்த பத்து ஆண்டில் எத்தனை பேர் தகனம் செய்யப்பட்டார்கள் என்று முதலில் எண்ணுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் புதைக்கவே விரும்புகின்றன. வெறுமையாய் நிற்கும் மாடச் சுவர்தான் முதலில் பாழாகும், ஏனென்றால் அதைப் பார்க்க யாரும் வருவதில்லை.

நாங்கள் சொல்லும் அளவு 48 மாடம்: அகலவாக்கில் 12, உயரவாக்கில் 4. ஒரு மாடத்தின் உள்ளளவு 30 சென்ரிமீற்றர் அகலம், 30 உயரம், 40 ஆழம். இடைச்சுவர் 10 சென்ரிமீற்றர் வீதம் 13. மொத்த நீளம் 4.9 மீற்றர், பின்சுவரோடு சேர்த்து ஆழம் 55 சென்ரிமீற்றர். அதாவது சுவர் மட்டும் பிடிக்கும் நிலம் 2.7 சதுர மீற்றர், ஏறக்குறைய ஒரு கல்லறையின் இடம். முன்னால் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீற்றராவது வேண்டும். இரண்டு மீற்றர் விடுங்கள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு பேர்ச்சுக்குள் (ஏறக்குறைய 25 சதுர மீற்றர்) அடங்கிவிடும். மாடத்துக்கு இரு கலசம் என்றால் 96 பேருக்கு இடம்.

ஐந்தாவது வரிசையும் வைத்தால் 60 மாடம் ஆகுமே என்று கணக்குப் போடாதவர் இல்லை. அந்த வரிசையின் தரை 1.77 மீற்றர் உயரத்தில் வரும். எழுபது வயது மனைவி எட்டிப் பூ வைக்க முடியாது. நான்காம் வரிசையின் தரை 1.45 மீற்றர், அதோடு நிறுத்துங்கள். கீழ் வரிசை நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் மேலே தொடங்கட்டும். மார்கழி மழையில் நிலத்திலிருந்து தெறிக்கும் சேறு அதற்குக் கீழேயே நின்றுவிடும்.

யாரிடம் அனுமதி பெறவேண்டும்? சேமக்காலை பங்குக்குச் சொந்தம்தானே?
– வாசகர், உப்புவெளி

நிலம் பங்குடையது என்றாலும் மயானங்களுக்கு 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, கட்டடத்துக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதியும் இருக்கிறது. வரைபடத்தோடு சபைக்குப் போங்கள். கடற்கரைப் பக்கத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உட்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் சேமக்காலை இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. கத்தோலிக்கப் பங்கென்றால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஆயர் இல்லத்தின் எழுத்து மூல இணக்கம்.

எங்கள் சேமக்காலை முழுவதும் மணல். பாரமான சுவர் இறங்கிவிடாதா? பைல் (நிலத்தில் ஆழமாக இறக்கும் தூண்) அடிக்கவேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், சாம்பல்தீவு

ஊர்ப்பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. பைல் தேவையில்லை. மேலே சொன்ன சுவர், அத்திவாரம், கூரைத் தட்டு, கலசங்கள் எல்லாம் சேர்ந்து 14 தொன் அளவில் வரும். 5.5 மீற்றர் நீளம், 90 சென்ரிமீற்றர் அகலமுள்ள அத்திவாரத்தில் அது சதுர மீற்றருக்கு 3 தொன்னுக்கும் குறைவு. இறுகிய மணல் இதைப்போல் மூன்று மடங்கைத் தாங்கும்.

பயப்படவேண்டியது மணலுக்கல்ல, மணலுக்குள் மறந்துபோன பழைய குழிக்கு. தோண்டி மூடிய மண் பக்கத்து மண்ணைப்போல் ஒருபோதும் இறுகாது. பலகைப் பெட்டி உக்கி உடையும்போது மேல்மண் திடீரென இறங்கும். சுவரின் ஒரு முனை மட்டும் அதன்மேல் நின்றால் அந்த முனை மட்டும் இறங்கும். நடுவில் சாய்வாக ஒரு வெடிப்பு, மாட வாசல்களை மூடும் முகப்புக் கற்களுக்கிடையே ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் விரிந்த இடைவெளி: இந்த இரண்டையும் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே பதிவேட்டை நம்பாதீர்கள், மண்ணைக் குத்திப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் கம்பியில் இரண்டு மீற்றர் வெட்டி, தலைப்பில் குறுக்குப் பிடி ஒட்டுங்கள். கட்டப்போகும் இடம் முழுவதும் அரை மீற்றருக்கு ஒரு புள்ளியாகக் கயிறு பிடித்து, ஒரே ஆள் ஒரே பலத்தில் குத்தவேண்டும். ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் கம்பி எவ்வளவு இறங்கியது என்று கட்டத் தாளில் எழுதினால், குழி இருக்கும் இடம் நீள்சதுரமாகத் தாளிலேயே தெரியும். தெரிந்தால் சுவரைத் தள்ளி வையுங்கள். கிண்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். வெட்டும்போது எலும்பு வந்தால் வேலையை நிறுத்திப் பங்குத்தந்தைக்கும் உள்ளூராட்சி சபைக்கும் அறிவியுங்கள்.

அத்திவாரம் அரை மீற்றர் ஆழத்தில், 5 சென்ரிமீற்றர் மெல்லிய கொங்கிறீற்றுப் படுக்கையின்மேல், 25 சென்ரிமீற்றர் தடிப்பில், மேலும் கீழும் 12 மில்லிமீற்றர் கம்பி வலையோடு ஒரே நாளில் போடவேண்டும். கொங்கிறீற் 1.25 கன மீற்றர், சீமெந்து பத்துப் பை. மேல்வலையை மிச்சம் பிடிக்கச் சொல்வார் மேசன் பாஸ். விடாதீர்கள், கண்ணில் படாத ஒரு குழி இருந்தால் பாலம்போல் தாண்டி நிற்பது அந்த மேல்வலையும் கீழ்வலையும் சேர்ந்துதான்.

வேறோர் ஊரில் கட்டிய மாடத்தில் ஆறே வருடத்தில் உள்தட்டுகள் வெடித்துக் கம்பி வெளியே தெரிகிறது. நல்ல சீமெந்து போட்டதாகத்தான் சொன்னார்கள். எங்கே பிழை?
– கட்டட மேற்பார்வையாளர், உவர்மலை

பிழை சீமெந்தில் இல்லை, தட்டின் தடிப்பில் இருக்கும். மாடத்தின் தட்டு மெல்லியதாக இருந்தால் அழகு என்று 5 சென்ரிமீற்றரில் வார்ப்பார்கள். அதற்குள் கம்பி வைத்தால், கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருப்பது இரண்டு சென்ரிமீற்றர்தான். உப்புக் காற்றடிக்கும் நம் கரையில் கம்பியின்மேல் 4 முதல் 5 சென்ரிமீற்றர் கவர், அதாவது கம்பியை மூடும் கொங்கிறீற், வேண்டும். இல்லாவிட்டால் உப்பு கம்பியை எட்டும், துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். மேலே பூசி மறைத்தால் அடுத்த வருடம் பூச்சும் சேர்ந்து விழும்.

எங்கள் வழி இது: மெல்லிய இடத்தில் கம்பியே வேண்டாம், கம்பி இருக்கும் இடம் மெல்லியதாக வேண்டாம். மாடத் தட்டு தாண்டுவது வெறும் 30 சென்ரிமீற்றர், தாங்குவது பத்துக் கிலோ. 25 மில்லிமீற்றர் கிரனைட் பலகை அதைக் கம்பி இல்லாமலே தாங்கும். இடைச்சுவருக்கு 10 சென்ரிமீற்றர் தடிப்பில், 40 ஆழமும் 29 உயரமுமாக, கம்பியில்லாத கொங்கிறீற் துண்டுகளை அச்சில் வாருங்கள். ஒன்று 27 கிலோ வரும், இருவர் தூக்கலாம். மேலும் கீழும் 5 மில்லிமீற்றர் சாந்து வைத்தால் 30 சென்ரிமீற்றர் சரியாக வரும்.

கம்பி வருவது மூன்றே இடத்தில்: அத்திவாரம், 15 சென்ரிமீற்றர் தடிப்பான பின்சுவர், 12.5 சென்ரிமீற்றர் கூரைத் தட்டு. பின்சுவரில் 10 மில்லிமீற்றர் கம்பியை ஒரே வலையாக நட்ட நடுவில் வைத்தால் இரு பக்கமும் 6 சென்ரிமீற்றருக்குமேல் கவர் கிடைக்கும். அதன் நிலைக்கம்பிகள் அத்திவாரத்திலிருந்து எழும்பி கூரைத் தட்டுக்குள் மடங்கவேண்டும். 2020 மார்கழியில் புரேவிப் புயல் நம் கரையில்தான் ஏறியது. தகரக் கூரை யோசனையை அத்தோடு விட்டுவிடலாம். ஒவ்வோர் இடைத்துண்டையும் பின்சுவரோடு ஒரு ஸ்ரெயின்லெஸ் பட்டியால் இணையுங்கள்.

கூரை முன்னால் 45 சென்ரிமீற்றர் நீளட்டும். ஆனால் அதை நான்காம் வரிசைக்கு நேர்மேலே, 1.77 மீற்றரில் வைத்தால் வருபவர் தலை இடிக்கும். ஐந்தாம் வரிசைத் துண்டுகளை வைத்து, அந்த வரிசையைத் திறக்காமல் ஒரே நீளக் கற்பட்டியால் மூடுங்கள். மாடத்தின் பெயரும் வேத வசனமும் அங்கே வரும், கூரையின் அடி 2.1 மீற்றருக்கு ஏறும். கூரைக்குப் பின்பக்கம் வாட்டம் கொடுத்து, முன் விளிம்பின் அடியில் ஒரு சென்ரிமீற்றர் சொட்டு வெட்டு எடுங்கள். வெட்டு இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கமாக ஊர்ந்து வந்து கல்லில் வடியும்.

எண்ணிக்கை: இடைத்துண்டு 65, தட்டுப் பலகை 72 (ஒவ்வொரு படையிலும் 40 சென்ரிமீற்றரில் பத்து, இரு முனைக்கும் 45இல் இரண்டு, ஆறு படை), முகப்புக் கல் 48. ஐந்து வீதம் கூட வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிறக் கல் கிடைக்காது.

மணல் மகாவலி மணலாக இருக்கட்டும், கடல் மணல் ஒரு சட்டிகூட வேண்டாம். கலக்கும் தண்ணீரும் குழாய்நீர்தான். சேமக்காலைக் கிணறு உவரென்றால் கம்பிக்கு உப்பை நீங்களே ஊட்டுகிறீர்கள்.

மாடச் சுவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கவேண்டும்?
– வாசகர், அன்புவழிபுரம்

தெற்கு. மாரி மழை வாடையோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும், அதற்கு முதுகைக் காட்டவேண்டும். மேற்கு வேண்டாம்: பின்னேர வெயிலிலும் கச்சான் காற்றிலும் கறுப்புக் கிரனைட் கை வைக்க முடியாதபடி சுடும்.

முகப்புக் கல்லைப் பசையால் ஒட்டலாமா, ஆணியால் பூட்டவேண்டுமா?
– கல் வேலை செய்பவர், சீனன்குடா

ஒட்டிய கல்லை இரண்டாவது கலசம் வைக்கும் நாளில் உடைத்துத்தான் எடுக்கவேண்டும். பூட்டுங்கள். கல் 20 மில்லிமீற்றர் தடிப்பு, 396க்கு 321 மில்லிமீற்றர், நிறை ஏறக்குறைய 7 கிலோ. கற்களுக்கிடையே 4 மில்லிமீற்றர் இடைவெளி. நான்கு கற்கள் சந்திக்கும் மூலையில் ஒரே பூவாணி (பூ வடிவத் தலையுள்ள ஆணி) போட்டு நான்கையும் பிடிக்கும் முறை பார்க்க அழகு. ஒன்றைத் திறக்கப் பக்கத்துக் குடும்பங்களின் கற்களும் தளரும், அதனால் நாங்கள் விரும்புவதில்லை. கல்லுக்கு நான்கு தனி ஆணி.

துளை 8 மில்லிமீற்றர், ஆணி 6. விளிம்பிலிருந்து துளையின் நடு 25 மில்லிமீற்றர். துளையும் ஆணியும் ஒரே அளவென்றால் வெயிலில் கல்லுக்கு அசைய இடமில்லை, மூலை தெறிக்கும். இடைச்சுவரில் விரியும் நங்கூர ஆணி வேண்டாம், ஓரத்துக்கு அருகில் அது கொங்கிறீற்றைப் பிளக்கும். துளையிட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, எப்பொக்சியில் உட்திருகுக் குழாயை 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பதியுங்கள். தூசியை ஊதாமல் ஊற்றிய எப்பொக்சி தூசியைத்தான் பிடிக்கும், சுவரை அல்ல.

எல்லா ஆணியும் 316 ரக ஸ்ரெயின்லெஸ். கடையில் சாதாரணமாகத் தருவது 304, அது கடலோரத்தில் தேநீர் நிறக் கறை விடும். காந்தம் ஒட்டிப் பார்த்து இரண்டையும் பிரிக்கமுடியாது, பெட்டியில் ஏ4 என்ற அடையாளத்தைப் பாருங்கள். கல்லுக்கும் ஆணித் தலைக்கும் நடுவே நைலோன் வோஷர். கையிறுக்கத்துக்குமேல் கால் சுற்றுத்தான். மின் துளைப்பானால் இறுக்கியவர்கள் உடைத்த கற்களை எண்ணி முடியாது.

கல்லுக்குப் பின்னால் 6 மில்லிமீற்றர் பிவிசி உள்மூடி ஒன்று தனியாகப் பூட்டவேண்டும். முகப்புக் கல் எழுத்து வெட்டப் போயிருக்கும் நாட்களில் கலசத்தைக் காப்பது அதுதான். சிலிக்கன் பூசுவதென்றால் நடுநிலை ரகம் மட்டும். வினாகிரி வாசம் வரும் ரகம் கல்லில் கறை விடும்.

மாடத்தைத் திறந்தபோது உள்ளே நீர் தேங்கி, கலசமும் பூஞ்சணம் பிடித்திருந்தது. கல் இடைவெளி முழுவதும் சிலிக்கனால் அடைத்திருந்தோம். எப்படி நீர் போனது?
– வாசகர், மூதூர்

அடைத்ததால்தான். உள்ளே அகப்பட்ட ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகிறது, வெளியேற வழியில்லை. ஒவ்வொரு மாடத்தின் தரையும் முன்பக்கம் 3 மில்லிமீற்றர் சாயவேண்டும். கற்களின் கீழ் இடைவெளியில் நடுவே இரண்டு சென்ரிமீற்றர் அடைக்காமல் விட்டு, உள்ளே ஸ்ரெயின்லெஸ் வலை வையுங்கள். வலை இல்லாவிட்டால் மண்குளவி கூடு கட்டும், எறும்பு குடியேறும்.

பூஞ்சணத்துக்கு இன்னொரு காரணமும் கேட்டுப் பாருங்கள். காடாற்றிய அன்று எலும்பைப் பாலும் நீரும் தெளித்து எடுப்பது வழக்கம். அதை ஈரமாகவே முட்டியில் போட்டு மூடியிருந்தால் பூஞ்சணமும் வாடையும் நிச்சயம். வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் இரண்டு மூன்று நாள் நன்றாக உலர்த்தியபின் கட்டவேண்டும்.

வெளிநாட்டில் சாம்பல் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்குகிறது. இங்கே விறகில் எரித்தால் ஒரு பெரிய முட்டி நிறைகிறதே, ஏன்? அது மாடத்துக்குள் போகுமா?
– வாசகர், திருக்கடலூர்

வெளிநாட்டில் தருவது சாம்பல் அல்ல, எரிந்தபின் மிஞ்சும் எலும்பு. இயந்திரத்தில் அரைத்துத் தருகிறார்கள். வளர்ந்தவருக்கு இரண்டு முதல் மூன்று கிலோ, மூன்றேகால் லீற்றர் கலசத்தில் அடங்கும். விறகுச் சிதையில் பெருமளவு விறகுச் சாம்பல்தான். அதில் உள்ள பொட்டாசியக் காபனேற்று காற்றின் ஈரத்தை உறிஞ்சி, காரமாகி, அலுமினியக் கலசத்தை அரிக்கும். மாடத்தில் வைப்பதென்றால் எலும்பை மட்டும் பொறுக்குங்கள், விறகுச் சாம்பலை வழமைபோல் கடலில் கரையுங்கள். அரைக்காத எலும்பு இடம் பிடிக்கும், ஐந்து லீற்றர் கலசம் வேண்டிவரும். அதை உருளையாக அல்ல, நீள்சதுரப் பெட்டி வடிவில் எடுத்து, வெளி அகலம் 14 சென்ரிமீற்றரைத் தாண்டாமல் பாருங்கள், இல்லாவிட்டால் 30 சென்ரிமீற்றர் வாசலில் இரண்டு பக்கம் பக்கமாக நுழையாது. சுடாத நிறம் பூசிய மண்முட்டி வேண்டாம். தடித்த பொலித்தீன் பையில் கட்டி, பெயர் வெட்டிய ஸ்ரெயின்லெஸ் வில்லை ஒன்றைப் பைக்குள்ளேயே போட்டு, பிறகு கலசத்தில் வையுங்கள்.

அப்பாவின் சாம்பலில் ஒரு பங்கை ரொறன்ரோவில் தம்பியும், ஒரு பங்கை வீட்டில் நானும் வைத்திருக்க விரும்புகிறோம். கத்தோலிக்கருக்கு இது சரியா? கொண்டுவரும்போது விமான நிலையத்தில் சிக்கல் வருமா?
– வாசகி, லிங்கநகர்

தகனத்தைத் திருச்சபை 1963இல் அனுமதித்தது. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், சாம்பலைச் சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. தூவுவதையும் குடும்பத்தார் பங்கிடுவதையும் மறுக்கிறது. 2023 மார்கழியில் வந்த விளக்கம் ஒரு சிறு தளர்வு தருகிறது: இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம். ஆகவே தீர்மானம் உங்களுடையது மட்டுமல்ல அம்மா, பங்குத்தந்தை மூலம் கேளுங்கள். சரிபாதிப் பங்கீட்டுக்கு அதில் இடமில்லை.

விமானத்துக்கு உலோகக் கலசமும் கற்கலசமும் வேண்டாம், எக்ஸ்ரே ஊடுருவாது, திறந்து காட்டும் நிலை வரும். மரம் அல்லது பிளாஸ்ரிக் பெட்டியில், கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் பெட்டியோடு இருக்கட்டும், பிரதிகள் தனியே. விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பது நல்லது. அழகான கலசத்தை இங்கே வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

கல்லில் தமிழ் எழுத்து தெளிவாக வருவதில்லை. லேசர் நல்லதா?
– வாசகர், நிலாவெளி

லேசர் கறுப்புக் கல்லின் மினுக்கை மட்டும் உரித்து வெண்மை காட்டும். படத்துக்கு நல்லது, எழுத்துக்கு ஆழம் போதாது. மணல் வீச்சில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழம் எடுக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுத்துயரம் 20 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ணகர, னகரச் சுழிகள் நடுவே தெறித்து ஒன்றாகும், புள்ளி தூசியடைத்து மறையும். பெயர், பிறப்பு, இறப்பு, ஒரு வரி வசனம்: 40 சென்ரிமீற்றர் கல்லுக்கு அவ்வளவே. பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் இதில் ஏறாது. வெட்டுமுன் முழு அளவில் தாளில் அச்சிட்டு, குடும்பத்தில் இருவர் படித்துக் கையெழுத்திடவேண்டும். ளகர ழகரப் பிழையைத் திருத்தப் புதுக் கல்தான் வழி.

மாட இலக்கத்தை முகப்புக் கல்லில் மட்டும் போடாமல், உள்ளே தட்டிலும் வெட்டுங்கள். எழுத்து வெட்டப் போய்த் திரும்பும் கற்கள் இடம் மாறுவது நடக்கிற காரியம். பதிவேட்டில் மாட இலக்கம், இரு கலசத்தின் பெயர், வில்லை இலக்கம், திறக்க உரிமையுள்ள இருவர், அவர்களில் ஒருவராவது ஊரில் இருப்பவர். மாடம் கொடுத்த தவணை முடிந்து யாரும் வராவிட்டால் கலசம் எங்கே போகும் என்பதும் முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். சுவருக்குப் பக்கத்தில் பொது அஸ்திக் குழி ஒன்று அதற்காகவே தேவை.

கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி, இறந்தோர் நினைவு நாளில், எல்லோரும் மெழுகுதிரி ஏற்றிச் சுவரெல்லாம் மெழுகு. எப்படி எடுப்பது?
– வாசகர், பாலையூற்று

சுரண்டவேண்டாம். காலை நேரத்தில், கல் குளிர்ந்திருக்கும்போது பிளாஸ்ரிக் துண்டால் தட்டினால் பெரும்பகுதி சில்லாய் விழும். மீதிக்கு வெந்நீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து ஒற்றுங்கள். எரியும் திரியைக் கல்லோடு சாய்க்கவிடாதீர்கள், ஒரு புள்ளியில் மட்டும் சூடேறினால் கிரனைட்டும் வெடிக்கும். அடிமேடையின் முன்னால் 30 சென்ரிமீற்றர் தள்ளி, மணல் நிரப்பிய நீளத் தொட்டி ஒன்று கட்டிவிட்டால் அடுத்த வருடம் இந்தக் கடிதம் எழுதவேண்டியிருக்காது.